பேட்டரியைக் குறை சொல்லும் முன்னே...

(வானொலியில் உழவர்களுக்கான நிகழ்ச்சியில் உளுந்தூர்பேட்டை வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)

இன்றைக்கு விதையைப் பற்றியோ, உரத்தைப் பற்றியோ, பூச்சி மருந்தைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. நம் எந்திரங்களில் ஓடுகிற பேட்டரிக் கரண்டைப் பற்றிப் பேசப் போகிறேன். இது மெக்கானிக் சமாச்சாரம் ஆயிற்றே, நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு அறுவடை எந்திரம், வரப்பு போட, மேடு சமன் செய்ய, ஏரி வண்டல் அள்ள மண்வாரி எந்திரம் என்று ஆகிவிட்ட காலம் இது. பொக்லைன் என்பது பிரான்சு நாட்டுக் கம்பெனி ஒன்றின் பெயர். நம் ஜனங்கள் மண் அள்ளுகிற பெரிய எந்திரம் எல்லாவற்றுக்கும் அதையே பெயராக வைத்துவிட்டார்கள். அவ்வளவு தூரம் நம்மோடு பழகிவிட்ட எந்திரம், ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர் உடனே சொல்வது ஒன்றுதான்: ‘‘பேட்டரி போச்சு!’’

அந்த வார்த்தையை அவசரப்பட்டு நம்பாதீர்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு விளக்கம். ‘லோ வோல்ட்டேஜ்’ என்றதும் உங்களுக்குக் கிணற்று மோட்டார் ஞாபகம் வரும். அது மின்வாரியக் கம்பியில் வரும் மும்முனைக் கரண்டு. நான் சொல்வது எந்திரத்துக்குள்ளேயே இருக்கிற பேட்டரிக் கரண்டு. டிராக்டருக்கும், முன்னால் வாளியும் பின்னால் கையும் உள்ள மண்வாரிக்கும் பெரும்பாலும் 12 வோல்ட். சங்கிலிப் பட்டையில் நகரும் பெரிய எந்திரங்களுக்கும் புல்டோசருக்கும் பெரும்பாலும் 24 வோல்ட். அதாவது 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்திருப்பார்கள்.

ஏரியும் மதகும்

ஏரி நிறையத் தண்ணீர் இருக்கிறது. ஆனால் கடைமடை வயல் காய்கிறது. ஏரியில் தண்ணீர் இல்லை என்று யாராவது சொல்வோமா? மதகில் அடைப்பா, வாய்க்காலில் தூர்ந்திருக்கிறதா என்றுதானே பார்ப்போம்? பேட்டரிதான் ஏரி. தடித்த ஒயர் வாய்க்கால். ஒயர் முனைகளை முடுக்கியிருக்கிற போல்ட்டும் கவ்வியும்தான் மதகு. செல்ஃப் மோட்டார் கடைமடை வயல். ஒரே ஒரு வித்தியாசம்: கரண்டு செல்ஃபுக்குப் போனால் மட்டும் போதாது, பேட்டரிக்குத் திரும்பியும் வர வேண்டும். திரும்புகிற பாதைதான் எர்த். எஞ்சின் இரும்பு, சேஸ் இரும்பு, அதிலிருந்து பேட்டரியின் மைனஸ் முனைக்கு வரும் ஒயர், இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்தப் பாதை. நிறையப் பேர் மறந்துவிடுவது இந்தத் திரும்பும் பாதையைத்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். குழாயைத் திறக்காமல் மூடியே வைத்திருந்தால், பைப்பில் அடைப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. திறந்துவிட்டு நீர் ஓடும்போதுதான் தெரியும். கரண்டும் அப்படித்தான். சாவியைத் திருப்பாமல் மீட்டர் வைத்தால் எல்லா இடத்திலும் 12 வோல்ட் காட்டும். செல்ஃப் இழுக்கும்போது வைத்தால்தான் எந்த இடத்தில் அடைபடுகிறது என்பது வெளிப்படும். இன்று நான் சொல்வதில் இந்த ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால்கூடப் போதும்.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஜெர்மனியில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்த ஓம் என்பவர் 1827-ல் வெளியிட்ட கணக்குதான். ஓடுகிற ஆம்பியரை அங்குள்ள தடையால் பெருக்கினால், அந்த இடத்தில் இழக்கும் வோல்ட் கிடைக்கும். துருப்பிடித்த ஒரு போல்ட்டில் தடை ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு என்று வைப்போம். ஹெட்லைட்டுக்கு 10 ஆம்பியர் ஓடினால் அங்கே இழப்பது வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு. விளக்கு ஜோராக எரியும். அதே போல்ட் வழியாகச் செல்ஃபுக்கு 300 ஆம்பியர் ஓட வேண்டுமானால் 3 வோல்ட் அங்கேயே போய்விடும். அந்த 3 வோல்ட்டும் 900 வாட் சூடாக மாறும். இஸ்திரிப் பெட்டி அளவுச் சூடு ஒரு போல்ட்டில்! ‘‘விளக்கு நல்லா எரியுது, அப்போ செல்ஃப்தான் போச்சு’’ என்று சொல்வதும் அதனால்தான் தப்பாகிறது.

ஒரு ஏரியில் நடந்தது

நம் வட்டாரத்து ஏரி ஒன்றில் ஒரு கோடையில் பார்த்ததைச் சொல்றேன். ஏரி வண்டல் மண்ணை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று அரசு 2024-ல் எளிதாக்கியது உங்களுக்குத் தெரியும். அப்படி அனுமதி வாங்கி, மணிக்கு இவ்வளவு என்று மண்வாரி எந்திரத்தை வாடகைக்குப் பேசி, டிராக்டர்கள் டிரெய்லரோடு வரிசையில் நின்றன. பத்து மணிக்கு டீ குடிக்க நிறுத்திய எந்திரம் அப்புறம் கிளம்பவில்லை. டிரைவர் பேட்டரி என்றார். டவுனிலிருந்து புது பேட்டரி வந்தது. மாட்டியதும் கிளம்பிற்று. எல்லாருக்கும் சந்தோஷம். மறுநாள் காலையில் பழையபடி ‘டக்’. இப்போது செல்ஃப் என்றார்கள். அதைக் கழற்றிக் காயில் கட்ட அனுப்பினார்கள். திரும்பி வந்தது; மறுபடியும் ‘டக்’.

நாலாம் நாள் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டரோடு வந்தார். சாவியைத் திருப்பச் சொல்லி, பேட்டரி முனையில் பார்த்தார்: 11.8 வோல்ட். செல்ஃப் மோட்டாரில் பார்த்தார்: 8 வோல்ட். நடுவில் 3.8 வோல்ட் எங்கே போயிற்று? பேட்டரி மைனஸ் முனைக்கும் எஞ்சின் இரும்புக்கும் நடுவே வைத்தார்: 3.3 வோல்ட். எர்த் ஒயர் சேஸில் முடுக்கிய இடத்தில் சேறும் துருவும் ஏறியிருந்தது. கழற்றி, உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, இறுக்கி முடுக்கினார். எந்திரம் ஒரே இழுப்பில் கிளம்பிற்று. புது பேட்டரி மாட்டியபோது முதலில் ஓடியது எப்படி என்றால், மாட்டும்போது ஒயர் அசைந்து இணைப்பு கொஞ்சம் பிடித்திருக்கிறது; அவ்வளவுதான்.

ஆனால் அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. ஏரிக்குள் வண்டி இறங்க முடியவில்லை. வரிசையில் முன்னால் நின்றவர்கள் மண் எடுத்துவிட்டார்கள். கடைசியில் நின்ற சின்ன விவசாயிகளுக்கு அந்த வருஷம் வண்டல் கிடைக்கவில்லை. எந்திரக்காரருக்கு ஒரு பேட்டரிப் பணம் நஷ்டம். இவர்களுக்கு ஒரு பருவமே நஷ்டம். எந்திரம் நம்முடையது இல்லையென்றாலும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

காதும் கண்ணும் சொல்வது

சோதிக்கும் முன்னே கியரை நியூட்ரலில் போடுங்கள். கைப்பிரேக் போடுங்கள். வாளியைத் தரையில் இறக்கி வையுங்கள். பிறகு ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொல்லி, விளக்கைப் பாருங்கள்.

விளக்கு மங்கவே இல்லை, சத்தமும் இல்லை என்றால் கரண்டு செல்ஃபை எட்டவே இல்லை. சாவி சுவிட்ச், பியூஸ், ரிலே, நியூட்ரல் சுவிட்ச் அல்லது கிளட்ச் சுவிட்ச், சோலனாய்டுக்குப் போகும் சின்ன ஒயர், இந்தப் பக்கம் தேட வேண்டும். எஞ்சினுக்கும் சேஸுக்கும் உள்ள எர்த் பட்டை அறுந்திருந்தாலும் இப்படி ஆகலாம்.

விளக்கு மெதுவாக மங்கி, எஞ்சின் சோம்பலாகச் சுற்றினால் பேட்டரியில் சார்ஜ் குறைவு, அல்லது தடித்த ஒயர் இணைப்பில் கோளாறு. ‘டக்’ என்றதும் விளக்கு சட்டென்று அணைந்து, சாவியை விட்டதும் எரிந்தால் பேட்டரி முனைக் கவ்வியை முதலில் பாருங்கள். ‘டக டக டக’ என்று தொடர்ந்து அடித்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கிறது. விளக்கு நன்றாக மங்குகிறது, பேட்டரியும் இணைப்பும் சரி, எஞ்சின் மட்டும் அசையவில்லை என்றால் எஞ்சினோ செல்ஃபோ இறுகியிருக்கலாம். மேலே மேலே சாவியைத் திருப்பாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மீட்டர் சொல்வது

டிராக்டர் வைத்திருப்பவர் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வைத்துக்கொள்ளலாம். பேட்டரி விலையில் சின்ன பங்குதான் ஆகும். நேர் மின்சாரத்துக்கான வோல்ட் பக்கத்தில் 20 என்ற இடத்தில் திருப்பி வையுங்கள். 24 வோல்ட் எந்திரத்துக்கு 200 என்ற இடம். சிவப்பு ஒயர் ஆம்பியர் ஓட்டையில் சொருகியிருக்கக் கூடாது. அப்படியே பேட்டரியில் வைத்தால் மீட்டரின் பியூஸ் போய்விடும்.

முதல் அளவு: எந்திரம் சில மணி நேரம் நின்றிருக்கும்போது பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வையுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் சுமார் பாதி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. காலியான பேட்டரியைச் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் அடுத்த சோதனை.

இரண்டாம் அளவு: சாவியைத் திருப்பி எஞ்சின் சுற்றும்போது அதே இரண்டு முனைகளில் பாருங்கள். எஞ்சின் பற்றிக்கொள்ளாமல் இருக்க ஸ்டாப்பரை இழுத்து வையுங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், சார்ஜ் முழுதாக இருந்தும் விழுந்தால், பேட்டரிதான் நோயாளி. அப்போது தாராளமாக மாற்றலாம்.

மூன்றாம் அளவு: அதே மாதிரி சுற்றும்போது மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸ் முனையில், மறுமுனை எஞ்சினின் பெயிண்ட் இல்லாத இரும்பில். வோல்ட்டில் பத்தில் இரண்டு, மூன்று பங்குக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் அடைப்பு.

நாலாம் அளவு: பேட்டரி பிளஸ் முனைக்கும் செல்ஃபின் தடித்த ஒயர் போல்ட்டுக்கும் நடுவே. அரை வோல்ட்டுக்கு மேல் போனால் அந்தப் பாதையில் அடைப்பு. இனி ஒவ்வொரு இணைப்பாக மீட்டரை நகர்த்திக்கொண்டே வந்தால், எந்த இடத்தில் எண் தாவுகிறதோ அங்கேதான் கோளாறு. ஒயர் முனைக்கும் அது முடுக்கிய போல்ட்டுக்கும் நடுவே கூட வைத்துப் பாருங்கள். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற இணைப்பிலேயே உள்ளே களிம்பு ஏறியிருக்கும்.

ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் செல்ஃபை இழுக்காதீர்கள். அடுத்த தடவைக்கு இரண்டு நிமிஷம் ஆற விடுங்கள். மீட்டர் பார்ப்பவர் சட்டை, துண்டு, ஒயர் எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சார்ஜ் ஏறுகிறதா?

எஞ்சினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டுப் பேட்டரி முனையில் பாருங்கள். 13.8-லிருந்து 14.4 வரை இருக்கலாம். 24 வோல்ட் எந்திரத்தில் அதுவே இரு மடங்கு. ஓடும்போதும் 12.5-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. ஆல்டர்நேட்டரைக் கழற்றும் முன்னே பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பின்னால் உள்ள ஒயர் கழன்றிருக்கிறதா, பியூஸ் போயிருக்கிறதா என்று பாருங்கள். 15 வோல்ட்டுக்கு மேல் போனால் அது கொதிக்கிற சார்ஜ். பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும், பல்பு அடிக்கடி போகும். ரெகுலேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ராத்திரி நிறுத்தி, காலையில் பேட்டரி இறங்கியிருந்தால் எங்கோ கரண்டு கசிகிறது. மைனஸ் ஒயரைக் கழற்றி, நடுவே மீட்டரை 10 ஆம்பியர் ஓட்டையில் சொருகி இணைத்துப் பாருங்கள். இந்த நிலையில் சாவியைத் தொடவே கூடாது. பழைய டிராக்டரில் ஏறக்குறைய ஒன்றுமே காட்டக் கூடாது. எலக்ட்ரானிக் பெட்டி உள்ள எந்திரத்தில் மில்லி ஆம்பியர் கணக்கில் கொஞ்சம் காட்டலாம். அதிகம் காட்டினால் பியூஸை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுக்கும்போது குறைகிறதோ, கசிவு அந்த வழியில்.

பெரிய எந்திரத்தில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுத்துப் பாட்டுப் பெட்டிக்கும் செல்போனுக்கும் 12 வோல்ட் எடுப்பார்கள். அந்தப் பேட்டரி எப்போதும் பசியோடும், மற்றது எப்போதும் அளவுக்கு மீறித் தின்றும் இரண்டுமே கெடும். அதற்கென்று உள்ள மாற்றுக் கருவியைப் போடுங்கள். மாற்றும்போது இரண்டு பேட்டரியையும் சேர்த்தே மாற்றுங்கள்.

நம் பக்கத்துக் காரணங்கள்

ஏரிச் சேறு, கரும்புத் தோட்டத்துச் சருகு, ரோட்டுப் புழுதி, எந்நேரமும் அதிர்வு: இவை போதும் ஓர் இணைப்பைக் கெடுக்க. வேலை முடிந்ததும் வேகமான தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது பியூஸ் பெட்டியிலும் ஒயர் சொருகியிலும் ஈரம் இறங்குகிறது. மழைக்காலத்தில் கொட்டகையில் நிற்கிற வண்டியில் எலி குடித்தனம் செய்து ஒயரைக் கடிக்கிறது. ஒயர் இரும்பு விளிம்பில் உரசி ஓட்டை விழுகிறது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் மார்கழிக் குளிரில் பேட்டரியின் பலம் குறையும், எஞ்சின் எண்ணெயும் தடிக்கும். சமவெளியில் எப்படியோ ஓடிய அரைகுறை இணைப்பு அங்கே காலையில் காட்டிக்கொடுத்துவிடும்.

பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கழுவுங்கள். கரைசல் பேட்டரிக்குள் போகக் கூடாது. துடைத்து, தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வேஸலின் தடவுங்கள். தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்; கிணற்றுத் தண்ணீர் கூடாது. மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதானால் மைனஸ் ஒயரைக் கழற்றிவிட்டு, மாதம் ஒரு முறை சார்ஜ் போடுங்கள்.

உயிர் விஷயம்

12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் ஸ்பானர் இரண்டு முனைகளிலும் பட்டால் அது பழுத்துக் கையைப் பொசுக்கும். மோதிரம், காப்பு, கைக்கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. ஒரு பொறி போதும், பேட்டரி வெடித்து ஆசிட் கண்ணில் தெறிக்கும். கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசியில். இன்னொரு வண்டியிலிருந்து கரண்டு வாங்கும்போது இரண்டும் ஒரே வோல்ட்டாக இருக்க வேண்டும். பிளஸுக்குப் பிளஸ் கொடுத்துவிட்டு, மைனஸ் ஒயரின் மறுமுனையை நின்றுபோன எந்திரத்தின் எஞ்சின் இரும்பில், பேட்டரிக்குத் தள்ளி மாட்டுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது: கீழே நின்றுகொண்டு செல்ஃபின் இரண்டு போல்ட்டையும் ஸ்க்ரூ டிரைவரால் தொட்டுக் கிளப்புகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். அப்படிச் செய்யும்போது நியூட்ரல் சுவிட்சுக்கு வேலையே இல்லை. கியரில் இருந்தால் எந்திரம் கிளம்பித் தொட்டவர் மேலேயே ஏறிவிடும். உலகத்தில் எத்தனையோ விவசாயிகள் சொந்த டிராக்டரின் சக்கரத்திலேயே உயிர் விட்டது இப்படித்தான். நியூட்ரல் சுவிட்ச் கெட்டிருந்தால் மாற்றுங்கள். ஒயரை நேராக முறுக்கிவிடாதீர்கள்.

புதுசாக வரும் எந்திரங்களில் புகைக் கட்டுப்பாட்டுக்காக எஞ்சினைக் கம்ப்யூட்டர் பெட்டி நடத்துகிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய சோதனை அதற்கு எமன். வெல்டிங் வைக்கும் முன்னே பேட்டரியைக் கழற்றிவிட்டு, வெல்டிங் எர்த்தை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். பெட்டிக்குப் போகும் ஒயரில் பல்பு வைத்துச் சோதிக்க வேண்டாம். அது பயிற்சி பெற்றவர் வேலை.

விவசாயப் பெருமக்களே, மாடு தீனி எடுக்கவில்லை என்றால் நாம் உடனே மாட்டை மாற்றிவிடுவதில்லை. வாயைப் பார்க்கிறோம், குளம்பைப் பார்க்கிறோம், சாணியைப் பார்க்கிறோம். எந்திரத்துக்கும் அந்தப் பொறுமை வேண்டும். பருவம் தொடங்கும் முன்னே ஒரு நாள் ஒதுக்கி, நான் சொன்ன நாலு அளவையும் எடுத்து, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்திரம் வாடகைக்குப் பேசும்போது காலையில் அது ஒரே இழுப்பில் கிளம்புகிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். அடுத்த தடவை யாராவது ‘‘பேட்டரி போச்சு’’ என்றால், ‘‘செல்ஃப் இழுக்கும்போது மீட்டர் வைத்துப் பார்த்தீங்களா?’’ என்று ஒரு கேள்வி கேளுங்கள்.